கதவில் முகம் பதித்தவர்கள்

அவையில் இருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

இத்தாலியின் பழைய கதவு என்றதும் சாயம் உரிந்த பச்சை மரமும், பக்கத்தில் ஒரு பூந்தொட்டியும் உள்ள காலண்டர் படம்தான் பலருக்கு நினைவு வரும். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் வெயிலில் நின்றால் எந்த ஊர்க் கதவுக்கும் சாயம் உரியும். எனக்குப் பிடித்தது வேறு. அங்கே கதவைச் செய்தவனும் அதில் புழங்கியவனும் தங்கள் தடயத்தை அதிலேயே விட்டுப் போயிருக்கிறார்கள்.

முதலில் தெருவுக்கு வாருங்கள். ரோமிலும் ஃப்ளாரன்ஸிலும் பழைய மாளிகைகளின் வாசற்கதவை போர்த்தோனே என்பார்கள். குதிரை வண்டி அப்படியே உள்ளே போகும் உயரம். அதை நாளெல்லாம் திறந்து மூட யாரால் ஆகும்? அதனால் பெரிய கதவிலேயே ஆள் நுழைய ஒரு திட்டிவாசல் வெட்டியிருப்பார்கள், நம் கோட்டைக் கதவில் இருப்பதுபோல. கதவில் ஒரு சிங்க முகம், அதன் வாயில் வளையம். வளையம் மரத்தை அடித்துக் குழியாக்காமலிருக்க அது விழும் இடத்தில் ஓர் இரும்புக் குமிழ். சிங்கத்தைப் படம் எடுக்கிறவர்கள் அந்தக் குமிழையும் கொஞ்சம் பாருங்கள். வந்துபோன விருந்தாளிகளின் கணக்கு அங்கேதான் தேய்ந்து கிடக்கிறது.

கூபியோ என்ற மலையூரில் பல வீடுகளுக்குப் பெரிய வாசலை ஒட்டி, தெருமட்டத்துக்கு மேலே, ஒடுக்கமாக இன்னொரு வாசல் உண்டு. ‘இறந்தவரின் வாசல்’ என்று பெயர். சவப்பெட்டியை வெளியே எடுக்க மட்டும் திறப்பார்கள் என்பது ஊர்க்கதை. மாடிக்கு ஏறும் வழி அது, பாதுகாப்புக்காக உயர்த்திக் கட்டினார்கள் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. எனக்கும் அதுதான் பொருத்தமாகப் படுகிறது. ஆனாலும் ஊர்க்கதையை அவ்வளவு லேசில் விடமுடியுமா!

ரோமானிய செனட் கூடிய மண்டபத்தின் வெண்கலக் கதவுகள் இன்று லாத்தரன் பேராலயத்தில் இருக்கின்றன. 17ஆம் நூற்றாண்டில் கழற்றிக் கொண்டுபோனார்கள். புதிய வாசல் பெரிது, கதவு போதவில்லை. சுற்றிலும் விண்மீன் பதித்த பட்டை வைத்து ஒட்டுப்போட்டார்கள். அன்றைய போப்பின் குலச் சின்னத்தில் விண்மீன் உண்டு. ஒட்டுப்போட்டதிலும் ஒரு கையெழுத்து!

புனித பேதுரு பேராலயத்தின் நடுக்கதவை 1445இல் முடித்தவர் ஃபிலாரெத்தே என்ற சிற்பி. முன்பக்கம் முழுக்கப் புனிதர்களும் போப்பும். பின்பக்கம், கீழே? கையில் கவராயத்தோடு அவரும், கருவிகளைத் தூக்கிக்கொண்டு சீடர்களும் வரிசையாக ஆட்டம் போடுகிறார்கள். வேலை முடிந்த குதூகலம்.

இனி ஃப்ளாரன்ஸ். அங்குள்ள ஞானஸ்நான மண்டபத்துக்கு வெண்கலக் கதவு செய்ய 1401இல் ஒரு போட்டி வைத்தார்கள். ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலியிடும் காட்சியை ஒரு பலகையில் வார்த்துக் காட்ட வேண்டும். புரூனெல்லெஸ்கி, கிபெர்த்தி என்ற இரு கலைஞர்கள் செய்த பலகைகள் இன்றும் பார்ஜெல்லோ அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கிபெர்த்தி பெரும்பகுதியை ஒரே வார்ப்பில் எடுத்துவிட்டார். அவருடைய பலகை மற்றதைவிட ஏறக்குறைய 7 கிலோ எடை குறைவு. செலவு செய்தது துணிவணிகர் சங்கம். வெண்கலம் மிச்சமானால் கசக்குமா என்ன? வேலை கிபெர்த்திக்கே கிடைத்தது.

அந்தக் கதவு முடிய 1424 ஆகிவிட்டது. அடுத்ததற்கு 1425 முதல் 1452 வரை. வேலைக்குச் சேர்ந்தபோது இருபதுகளில் இருந்தவர், முடித்தபோது எழுபதைத் தாண்டியிருந்தார். இரண்டாவது கதவில் பத்தே பெரிய பலகைகள், எல்லாம் பொன் பூசியவை. முன்னால் நிற்கும் உருவங்கள் ஏறக்குறைய முழுச் சிலைகள். பின்னால் போகப்போகத் தகடாக மெலிந்து, கடைசியில் வெறும் கோடு. சில அங்குல ஆழத்தில் ஒரு தெருவே நீள்கிறது. ‘சொர்க்கத்தின் வாசல்’ என்று இதை மைக்கேலாஞ்சலோ புகழ்ந்ததாக, கலைஞர்களின் வரலாற்றை எழுதிய வசாரி குறித்திருக்கிறார்.

1966 நவம்பர் 4 அன்று ஆர்னோ ஆறு ஊருக்குள் புகுந்து பலகைகள் சிலவற்றைப் பிடுங்கிப் போட்டது. சேற்றிலிருந்து மீட்டு, பல்லாண்டுகள் பழுதுபார்த்து, 2012இல் பார்வைக்கு வைத்தார்கள். ஆகவே மண்டபத்தில் நீங்கள் காண்பது நகல். அதோடு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். பேராலயத்தின் பின்புறம் அருங்காட்சியகம். அசல் கண்ணாடிக்குள் நிற்கிறது. காட்சிப் பலகைகளை எல்லோரும் பார்ப்பார்கள், நீங்கள் சட்டத்தில் வரிசையாக எட்டிப் பார்க்கும் சின்னத் தலைகளைத் தேடுங்கள். அவற்றில் வழுக்கைத் தலையோடு, புருவத்தை உயர்த்தி, ‘எப்படி?’ என்று கேட்பதுபோல் ஒருவர் இருப்பார். அவர்தான் கிபெர்த்தி.