பெட்டியடியும் சிட்சையும்
(காரைக்குடியில் சபைப் பெற்றோர் கூடுகையில் ஆற்றிய உரை)

இந்த ஊர்ப் பெரியவர்களுக்குப் ‘பெட்டியடிப் பையன்’ என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. பர்மாவிலும் மலேயாவிலும் நகரத்தார் கடைகள் நடந்த காலத்தில், கணக்குப் படித்த சிறுவனைப் பணப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்காரவைத்து முதலில் எடுபிடி வேலை வாங்கினார்கள். பிறகு அடுத்தாள், அதாவது கடைப் பொறுப்பாளருக்குத் துணை, ஆக்கினார்கள். பல ஆண்டுகள் கழித்து ஒரு கடையையே அவன் கையில் ஒப்படைத்து, மூன்றாண்டுத் தவணை முடிந்து ஊர் திரும்பும்போது கணக்கு ஒப்பிக்கச் சொன்னார்கள். வயது ஏற ஏறப் பொறுப்பு கூடியது, கண்காணிப்பு விலகியது. நம் வீடுகளிலோ மூன்று வயதில் எல்லாவற்றுக்கும் செல்லம், பதினைந்து வயதில் எல்லாவற்றுக்கும் காவல்.

எபேசியர் 6:4 தகப்பன்மாருக்குச் சொல்வதைக் கவனியுங்கள். பிள்ளைகளைக் ‘கோபப்படுத்தாமல்’ என்பது முதலில் வருகிறது. ‘கர்த்தருக்கேற்ற சிட்சையிலும் போதனையிலும்’ என்பது அதன் பிறகே வருகிறது. சிட்சை என்றதும் நமக்கு அடி நினைவுக்கு வருகிறது. ஆனால் அங்கே உள்ள ‘பைதேயா’ என்ற கிரேக்கச் சொல், ஒரு பிள்ளையை ஆளாக்கும் முழுப் பயிற்சியையும் குறிக்கும். நீதிமொழிகள் 13:24-இல் வரும் பிரம்பும், 23-ஆம் சங்கீதத்தில் மேய்ப்பன் கையில் இருந்து நம்மைத் தேற்றும் கோலும் எபிரெயத்தில் ஒரே சொல்தான். தேற்ற அறியாத கைக்குப் பிரம்பைத் தொட உரிமை உண்டா என்பதே என் கேள்வி. “கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள், வாத்தியாரய்யா” என்று பள்ளி வாசலில் சொல்லும் வழக்கம் நம் பக்கத்தில் இன்னும் ஓயவில்லை. பள்ளியில் அடிப்பதை 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமே தடைசெய்துவிட்டது என்பதை அப்படிச் சொல்பவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

கைக்குழந்தைக்குச் சிட்சை கிடையாது. நேரத்துக்குப் பாலும், தூக்கமும், அழுதால் வந்து எடுக்கும் ஒரு கையும் போதும். நான்கைந்து வயதில் சட்டங்கள் சிலவே இருக்கட்டும். ஆனால் அப்பா மறுத்ததை அப்பத்தா முந்தானைக்குள் வைத்துக் கொடுக்கும் வீட்டில் எந்தச் சட்டமும் நிற்காது.

நான் நின்று பேச விரும்புவது பன்னிரண்டு வயதைப் பற்றி. அந்த வயதில் இயேசு பெற்றோரிடம் சொல்லாமல் எருசலேமிலேயே தங்கிவிட்டார். மூன்று நாள் கழித்து தேவாலயத்தில் அவரைக் கண்டதும் மரியாள் முதலில் கேட்டது ஒரு கேள்வி: மகனே, ஏன் எங்களுக்கு இப்படிச் செய்தாய்? அடுத்துச் சொன்னது தங்கள் வேதனையை: நாங்கள் விசாரத்தோடே தேடினோம். மகன் சொன்ன பதில் அவர்களுக்கு விளங்கவில்லை என்று லூக்கா ஒளிக்காமல் எழுதுகிறார். விளங்காத பதிலையும் அந்தத் தாய் மனத்தில் வைத்துக்கொண்டாள். மகனும் நாசரேத்துக்குத் திரும்பி அவர்களுக்குக் கீழ்ப்படிந்திருந்தார். நாமாக இருந்தால் கேள்வி கேட்போம், பதிலுக்குக் காத்திருக்க மாட்டோம்.

இதைச் சொல்லும் நான் காத்திருந்தவன் அல்லன். என் மகன் ஏழாம் வகுப்பில் மதிப்பெண் அட்டையை மறைத்தபோது, ஏன் என்று கேட்பதற்கு முன்னால் கை ஓங்கிவிட்டேன். மறைத்த காரணம் என்னைக் குறித்த பயம் என்று அவனுடைய தாய் மூலமாகத்தான் எனக்குத் தெரிந்தது. மறுநாள் அவனிடம் மன்னிப்புக் கேட்க என் நாக்கு எவ்வளவு தடுமாறியது என்பது எனக்குத்தான் தெரியும்.

பதினைந்தைத் தாண்டிய பிள்ளைகளுக்கு அடுத்தாளின் இடத்தைக் கொடுங்கள். வீட்டுச் செலவில் ஒரு பகுதியை ஒப்படையுங்கள். மாதக் கடைசியில் கணக்குக் கேளுங்கள், இடையில் கேட்காதீர்கள். தவறு நடக்கும், கெட்ட குமாரன் உவமையில் சொத்தைப் பங்கிட்டுக் கொடுத்த தகப்பனுக்கும் அது நடந்தது. பணத்தை மட்டும் கொடுத்தால் போதாது. இன்றிரவு குடும்ப ஜெபத்தில் வேதபாடத்தை அந்தப் பிள்ளையே தெரிந்தெடுக்கட்டும், அதன் பொருளையும் அவனோ அவளோ சொல்லட்டும். தப்பாகச் சொன்னாலும் முடிக்கும்வரை திருத்தாமல் கேளுங்கள்.