நாவலைத் திரை இழக்கவில்லை

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ‘சிங்கள எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்கவின் கம்பெரலிய நாவல் திரையில் உயிரோடு இருக்கிறதா, இல்லையா?’ என்பதுதான் இன்றைய கேள்வி. இல்லை என்றார் எதிரணி நண்பர். மனதுக்குள் நடப்பதையெல்லாம் நாவல் பக்கம் பக்கமாகச் சொல்கிறது, படத்தில் அது எங்கே என்று கேட்டார்.

நந்தாவின் முகத்தில் இருக்கிறது ஐயா.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். தென்னிலங்கைக் கிராமம் ஒன்றில் பெரிய வீட்டுப் பெண் நந்தா. அவளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வருகிற பியல் அவளை விரும்புகிறான். குலம், அந்தஸ்து பார்த்து அவனை ஒதுக்கிவிட்டு, ஜினதாச என்பவனுக்கு அவளைக் கட்டிவைக்கிறார்கள். அந்தஸ்து இருக்கிறது, காசு கரைகிறது. ஒதுக்கப்பட்ட பியலோ கொழும்புக்குப் போய்ப் பணக்காரனாகிறான்.

இந்தப் படத்தை நான் என் அம்மம்மாவோடு இருந்து பார்த்தேன். அவருக்குச் சிங்களம் தெரியாது, நாவலும் படித்ததில்லை. கல்யாணப் பேச்சு நடக்கிற கட்டத்தில் நந்தாவாக நடிக்கும் புண்யா ஹீந்தெனிய பேசாமல் இருக்கிறார். அம்மம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “பிள்ளைக்கு விருப்பமில்லை. வாய் திறக்கேலாமல் நிக்குது.” எம்.எம். உவைஸின் தமிழாக்கமான ‘கிராமப் பிறழ்வு’ வழியாக எனக்கு வந்து சேர்ந்த நந்தா, அந்த ஒரு நொடியில் அம்மம்மாவிடமும் வந்துவிட்டாள். இதற்குப் பிறகும் நாவல் செத்துவிட்டது என்றால் நான் எப்படி ஒப்புக்கொள்வேன்?

அடுத்து, படத்தில் விறுவிறுப்பில்லை என்றார்கள். 1947இல் வெளிவந்த முதல் சிங்களப் பேசும்படம் நம் மதுரைப் பக்கத்து ஸ்டூடியோவில்தான் எடுக்கப்பட்டது. அப்புறம் வெகுகாலம் தென்னிந்தியப் படங்களின் பாட்டு, ஆட்டம், நகைச்சுவை அச்சிலேயே சிங்களப் படங்கள் வார்க்கப்பட்டன. 1963இல் இந்தப் படத்தின் இயக்குநர் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் அந்த அச்சைத் தூக்கிப் போட்டார். ஸ்டூடியோவை விட்டு வெளியேறி, பலபிட்டியவில் ஒரு நிஜமான பழைய வீட்டுக்குள் காமிராவைக் கொண்டுபோனார். நந்தா நாலு பாட்டுப் பாடியிருந்தால் எதிரணியின் குற்றச்சாட்டை நானே வழிமொழிந்திருப்பேன். பாடவில்லையே! செல்வாக்கு இறங்க இறங்க அந்த வீடு வெறுமையாகிக்கொண்டே போகிறது பாருங்கள், கிராமம் புரண்டுபோன கதையை அந்த வீடே சொல்லிவிடுகிறது.

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். பியல் எப்படிப் பணம் சேர்த்தான் என்பதைப் படம் சட்டென்று தாண்டிவிடுகிறது. நாவல் படித்தவனுக்கு அது குறைதான். ஆனால் ரெஜி சிறிவர்தனவின் திரைக்கதை வேறொன்றை விடாமல் பிடித்துக்கொண்டது. ஜினதாச இறந்ததாகச் செய்தி வந்து, நந்தா பியலை மணந்த பிறகு, ஜினதாச உண்மையில் இப்போதுதான் இறந்தான் என்று தெரிய வருகிறது. யாருக்கு மனைவியாக அழுவது? அந்தத் தவிப்பைப் படம் அவசரப்படாமல் நம்மைப் பார்க்க வைக்கிறது. நாவலின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

1965இல் டெல்லித் திரைப்பட விழாவில் இந்தப் படத்துக்குத் தங்கமயில் விருது கிடைத்தது. கொடுத்த நடுவர்களில் எத்தனை பேர் சிங்களத்தில் நாவலைப் படித்திருப்பார்கள்? அவர்களுக்கும் என் அம்மம்மாவுக்கும் திரையில் தெரிந்தது ஒரே நந்தாதான். அவளை எந்தப் பக்கத்தில் தொலைத்தார்கள் என்று எதிரணியினர் காட்டட்டும் நடுவர் அவர்களே, நான் உட்கார்ந்துவிடுகிறேன்.