பொய்ப் பெயரில் ஒரு குடித்தனம்

நடுவர் அவர்களே! அமெரிக்க மேற்குப் பகுதிக் கௌபாய் காதல் கதையில் கொள்ளையனைத் திருத்துவது காதலா, சட்டத்திடம் சரணடைதலா என்று கேட்டிருக்கிறீர்கள். சரணடைதலே என்பது என் கட்சி. காதல் வந்தால் துப்பாக்கி தானாகக் கீழே விழும் என்றார் எதிரணித் தோழி. அவருக்கு அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்துக் கொள்ளையர்கள், அண்ணன் தம்பி இருவரைக் காட்டுகிறேன்.

ஃபிராங்க் ஜேம்ஸ், ஜெஸ்ஸி ஜேம்ஸ். இருவருக்கும் 1874இல் கல்யாணம், இரண்டும் காதல் கல்யாணம். தம்பி ஜெஸ்ஸியை மணக்க ஸீ ஒன்பது ஆண்டு காத்திருந்தார். அண்ணன் ஃபிராங்கின் மனைவி ஆனி, பெற்றோருக்குத் தெரியாமல் அவரோடு புறப்பட்டு வந்தவர். காதலே போதும் என்றால் 1876இல் நார்த்ஃபீல்டு வங்கியைக் கொள்ளையடிக்க ஏன் போனார்கள்?

அதன்பின் ஃபிராங்க் மெய்யாகவே மாறப் பார்த்தார், மறுக்கவில்லை. நாஷ்வில் பக்கம் உட்சன் என்ற பெயரில் விவசாயம். 1878இல் மகன் பிறந்தான். 1881 மார்ச்சில் பழைய கூட்டாளி பில் ரயன் குடிபோதையில் பிடிபட்டான். அவ்வளவுதான், அவன் காட்டிக்கொடுப்பானோ என்ற பயத்தில் நாலு வருஷக் குடித்தனத்தைப் போட்டது போட்டபடி விட்டு ஓட வேண்டியதாயிற்று. ஆனியின் அன்பில் என்ன குறை, சொல்லுங்கள்? குறை அந்தப் பொய்ப் பெயரில் இருந்தது.

தம்பி கதை இன்னும் கொடுமை. மிசௌரியின் செயின்ட் ஜோசப் ஊரில் ஜெஸ்ஸியின் பொய்ப் பெயர் ஹோவர்டு. மகனைக்கூட டிம் என்றுதான் கூப்பிட்டார்கள். 1882 ஏப்ரல் 3 அன்று, பரிசுப் பணத்துக்காகக் கூட்டாளி ராபர்ட் ஃபோர்டு முதுகுப்பக்கமிருந்து அவரைச் சுட்டுக் கொன்றான். வீட்டில் மனைவியும் இரண்டு குழந்தைகளும்.

கதாசிரியர்கள் இடறுவது இங்கேதான். கடைசி அத்தியாயத்தில் கொள்ளையனுக்கு ஒரு பண்ணை கொடுத்துவிடுகிறார்கள். 1862ஆம் ஆண்டு அமெரிக்கக் குடியேற்றச் சட்டம், அரசு நிலத்தில் குடியேறுவோருக்கு 160 ஏக்கர் தந்தது உண்மை. ஆனால் நில அலுவலகத்தில் பெயர் பதிந்து, ஐந்து ஆண்டு அங்கேயே குடியிருந்து பயிர் செய்து, இரண்டு சாட்சிகளைக் கூட்டிவந்து நிரூபித்தால்தான் பட்டா. தேடப்படும் ஆள் எந்தப் பெயரைப் பதிவான்? ஊரில் ஒருவன் அடையாளம் கண்டுகொண்டால், அவன் மனைவியும் பிள்ளைகளும் எங்கே போவார்கள்? இதற்கு விடை எழுதாத கதையில் அந்தப் பெண்ணுக்கு நியாயம் கிடைக்கவில்லை.

1882 அக்டோபர் 5. மிசௌரியின் தலைநகர் ஜெஃபர்சன் சிட்டியில் ஆளுநர் கிரிட்டெண்டன் முன்னால் போய் நின்று, ஃபிராங்க் துப்பாக்கி வாரைக் கழற்றிக் கொடுத்தார். 1883இல் காலட்டினிலும் 1884இல் ஹன்ட்ஸ்வில்லிலும் ஜூரிகள் அவரைக் குற்றவாளி அல்ல என்றனர். அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்மாநிலங்கள் தரப்பில் நின்றவர் என்ற அனுதாபம்தான் காப்பாற்றியது என்று எதிரணி சொல்லலாம். அனுதாபம் இருந்தது உண்மைதான். ஆனால் தூக்குக் கயிறும் கிடைக்கலாம் என்று தெரிந்துதானே வந்து நின்றார்!

பிறகு செருப்பு விற்றார், செயின்ட் லூயிஸில் நாடகக் கொட்டகை வாசலில் பார்வையாளர்களிடம் டிக்கெட் வாங்கி உள்ளே விடும் வேலை பார்த்தார். 1915இல் குடும்பப் பண்ணையில் கண்மூடினார். அந்த 30 ஆண்டுகளுக்கும் மேலாக ஆனி, திருமதி ஜேம்ஸ் என்ற பெயரோடு ஊர் நடுவே வாழ்ந்தார்.