சிரிப்பு யார் மேல் விழுகிறது?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

கொச்சைக் காமெடிப் படங்கள் தன்பாலீர்ப்பாளர்கள் மீது வெறுப்பை வளர்க்கின்றன என்பது எதிரணியின் குற்றச்சாட்டு. அதை மறுக்கத்தான் இங்கே நிற்கிறேன். ஆனால் எதையும் மறைத்துப் பேச விரும்பவில்லை. 1994இல் வந்த ‘ஏஸ் வென்ச்சுரா’வில், தான் முத்தமிட்டது ஓர் ஆணை என்று தெரிந்ததும் நாயகன் வாந்தியெடுக்கிறான், உடைகளை எரிக்கிறான். அருவருப்பையே நகைச்சுவையாக்கிய காட்சி அது. அதற்காக நான் வாதாட மாட்டேன். அதைக் காட்டி இந்த வகைப் படங்கள் எல்லாவற்றையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது.

எனக்கு முன் பேசிய நண்பர் 2005இல் வந்த ‘தி 40 இயர் ஓல்ட் வர்ஜின்’ படத்தைச் சொன்னார். இரண்டு ஆண்கள் வீடியோ கேம் ஆடிக்கொண்டே, “நீ ‘கே’ (தன்பாலீர்ப்பாளன்) என்று எனக்கு எப்படித் தெரியும், சொல்லட்டுமா?” என்று மாறி மாறிச் சீண்டிக்கொள்ளும் காட்சி. சரி, அதையே பார்ப்போம். அவர்கள் அடுக்கும் காரணங்களைக் கவனித்தீர்களா? உனக்குக் கோல்ட்பிளே இசைக்குழுவின் பாட்டு பிடிக்கும் என்பது அதில் ஒன்று! ஒருவன் ஆண்பிள்ளைதானா என்று அளக்கக் கையில் கிடைத்ததையெல்லாம் அளவுகோலாக்குகிறார்கள். அந்த அறையில் தன்பாலீர்ப்பாளர் ஒருவர்கூட இல்லை. நாம் சிரிப்பது, தன் ஆண்மையை நொடிக்கு நொடி நிரூபித்தாக வேண்டிய அந்த இருவரையும் பார்த்துத்தான்.

“பார்க்கிற சிறுவன் கேலியை மட்டும் பொறுக்கிக்கொண்டு போவானே?” என்று கேட்பீர்கள். போகலாம். ஆனால் அந்தக் கேலி, படம் எடுப்பதற்கு முன்பே பள்ளி மைதானத்தில் இருந்தது. அதைப் பேசுகிறவனின் பயத்தை மைதானம் காட்டிக்கொடுப்பதில்லை, இந்தப் படங்கள் காட்டிக்கொடுக்கின்றன.

2007இல் வந்த ‘சூப்பர்பேட்’ படத்தைப் பாருங்கள். அதன் சில ஜோக்குகள் தன்பால் வெறுப்பை நெருங்குகின்றன என்று, எழுதியவர்களில் ஒருவரான சேத் ரோகனே 2016இல் ஒப்புக்கொண்டார். எதிரணி இதை எடுத்து வைக்கும் முன் நானே சொல்லிவிடுகிறேன். ஆனால் படம் எங்கே போய்ச் சேர்கிறது? படம் முழுக்க வாய்கூசாமல் பேசிய இரண்டு பையன்கள், ஒரு ராத்திரி பக்கத்தில் பக்கத்தில் படுத்துக்கொண்டு, ஒருவரையொருவர் நேசிப்பதாகத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். அதைச் சொல்ல அவர்களுக்குப் போதை தேவைப்பட்டது. விடிந்ததும் கூச்சம் வந்து ஒட்டிக்கொள்கிறது. ஆண்கள் பாசத்தைச் சொல்லவே நடுங்குகிறார்கள் என்பதை இவ்வளவு நேராகச் சொன்ன ‘கண்ணியமான’ படங்கள் எத்தனை?

கண்ணியம் என்று வந்ததால் அதன் வரலாற்றையும் பேசிவிடுவோம். ஹாலிவுட்டில் 1934 முதல் கறாராக அமலான தணிக்கை விதிகள், தன்பாலீர்ப்பை மறைமுகமாகக் காட்டுவதைக்கூடத் தடுத்தன. 1961இல் அந்த விதி தளர்ந்தது. அதே ஆண்டு வந்த ‘தி சில்ட்ரன்ஸ் ஹவர்’ என்ற மிக மரியாதையான நாடகப் படத்தில், தோழியை நேசிப்பதாக ஒப்புக்கொள்ளும் பெண் தற்கொலை செய்துகொள்கிறாள். அதற்கு 2 ஆண்டுகளுக்கு முன்பே, தணிக்கை முத்திரை இல்லாமலே வெளிவந்த ஒரு காமெடி இருக்கிறது, ‘சம் லைக் இட் ஹாட்’. பெண் வேடத்திலிருப்பவர் விக்கைக் கழற்றி “நான் ஆண்” என்று கத்திய பிறகும், அவரைக் கல்யாணம் செய்யத் துடிக்கும் பணக்காரர், குறையில்லாதவர் யார் என்ற பாவனையில் சிரித்தபடி படகை ஓட்டுகிறார். நாடகம் கொன்றது. காமெடி கல்யாணம் வரை கூட்டிப்போனது. இதில் எது வெறுப்பு, நடுவர் அவர்களே?

அப்புறம் இயக்குநர் ஜான் வாட்டர்ஸ். தன்பாலீர்ப்பாளர். அவர் 1972இல், பெண் வேடத்துக்குப் பேர்போன நடிகர் டிவைனை வைத்து எடுத்த ‘பிங்க் ஃபிளமிங்கோஸ்’ அளவுக்குக் கொச்சையான படம் இன்றைக்கும் அரிது. ஊர் தங்களைக் கேவலம் என்றபோது, “ஆமாம், அதற்கென்ன?” என்று ஊர் முகத்துக்கு நேராகவே சிரித்த படம். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 2021இல் அதை, பாதுகாக்க வேண்டிய படங்களின் பட்டியலான தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்தது. கொச்சையை வடிகட்டிவிட்டால் அந்தப் படத்தில் மிச்சம் ஒன்றுமிருக்காது.

கடைசியாக, 2022இல் யுனிவர்சல் வெளியிட்ட ‘ப்ரோஸ்’. இரண்டு ஆண்களின் காதல் கதை. பில்லி ஐக்னர் என்ற தன்பாலீர்ப்பாளர் இணைந்து எழுதி நாயகனாகவும் நடித்தார். படுக்கையறை ஜோக்குகளுக்கும் கெட்ட வார்த்தைகளுக்கும் அதில் குறைவில்லை. தயாரித்தவர்களில் ஒருவர் ஜட் அபடோவ். நண்பர் குற்றம்சாட்டினாரே, அந்த 2005ஆம் ஆண்டுப் படத்தின் இயக்குநர் அவர்தான்! இந்த வகைப் படங்களே தன்பாலீர்ப்பாளர்களுக்கு எதிரானவை என்றால், தன் கதையைச் சொல்ல ஐக்னர் ஏன் இதே வகையை, இதே ஆட்களோடு சேர்ந்து எடுத்துக்கொண்டார்? எதிரணித் தலைவர் முதலில் இதற்குப் பதில் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.