மாலிப்டினம் குப்பிக்குள்ள வந்துட்டா என்ன ஆகும்?

மக்களே, வணக்கம். நியூக்ளியர் மெடிசின் படிக்கிற நம்ம நாகர்கோவில் பிள்ளைகளுக்காக இன்னைக்கு டெக்னீசியம் ஜெனரேட்டர், அதாவது ஸ்கேனுக்கு ஊசியா போடுற கதிரியக்க டெக்னீசியத்தை மாலிப்டினத்துல இருந்து எடுத்துத் தர்ற கருவி.

ரியாக்டர்ல யுரேனியம் தகட்டை சில நாள் வெச்சு எடுத்தா, உள்ள மாலிப்டினம்-99 உண்டாகியிருக்கும். நூறு யுரேனியம் அணு பிளந்தா ஆறு மாலிப்டினம் அணு. அதைக் கரைச்சுப் பிரிச்சு, அலுமினா நிரப்பின குழாய்ல ஏத்தி, ஈயக் கூட்டுக்குள்ள வெச்சு அனுப்புவாங்க. மாலிப்டினத்தோட அரை ஆயுள், அதாவது பாதியா குறையுற நேரம், 66 மணி. வண்டி களியக்காவிளை தாண்டி வர்றதுக்குள்ளயும் தேய்ஞ்சுகிட்டே இருக்கும்; ஒரு நாளைக்கு 22 சதவீதம் போயிரும்.

மாலிப்டினம் சிதையச் சிதைய டெக்னீசியம்-99எம் ஊறும். குலசேகரத்துல ரப்பர் மரம் வெட்டுற மாதிரிதான், வெட்டிட்டு விட்டா திரும்ப ஊறும். முழுசா ஊற சுமார் 23 மணி நேரம், ஆறு மணி நேரத்துலயே பாதி வந்துரும்.

ஊறின டெக்னீசியத்தைக் குழாய்ல இருந்து கழுவி எடுக்கும்போது 0.9 சதவீத சலைன் (உப்புத் தண்ணி) குப்பியை முதல்ல குத்துங்க, அப்புறம்தான் வெற்றிடக் குப்பி. மாத்திக் குத்தினா காத்து ஏறி வெற்றிடம் போயிரும், சலைன் இழுக்காது. சலைன் வந்து முடிஞ்சதும் குப்பியை உடனே பிடுங்காதீங்க. கடைசியில இழுக்குற காத்துதான் குழாயை உலர்த்துது. ஈரம் தங்கினா கதிர்வீச்சுல தண்ணி உடைஞ்சு, டெக்னீசியத்தை ஒடுக்கி அலுமினாவுலயே ஒட்ட வெச்சிரும். மறுநாள் பால், அதாவது கிடைக்குற டெக்னீசியம், குறையுறது பெரும்பாலும் இதனாலதான்.

இனி சொல்றதை ஒரு நாளும் விடக்கூடாது. டெக்னீசியத்தோட மாலிப்டினமும் கொஞ்சம் குப்பிக்குள்ள வந்துரலாம்; அதனால குப்பியை 6 மில்லிமீட்டர் ஈயக் கூட்டுல வெச்சு கதிர்வீச்சை அளந்து பாருங்க. டெக்னீசியத்தோட 140 கேஇவி (கதிரோட ஆற்றல் அளவு) கதிர் ஈயத்துலயே நின்னுரும், மாலிப்டினத்தோட 740 கேஇவி கதிர் வெளிய வரும். அமெரிக்க மருந்தியல் தொகுப்போட எல்லை, ஒரு மில்லிகியூரி டெக்னீசியத்துக்கு 0.15 மைக்ரோகியூரி மாலிப்டினம் (கியூரிங்கிறது கதிரியக்க அளவு). அது ஊசி போடுற நேரத்துக்கான கணக்கு, எடுத்த நேரத்துக்கு இல்ல! காலை 6 மணிக்கு 0.05 இருந்தா மத்தியானம் 0.094, சாயங்காலம் 6 மணிக்கு 0.176. டெக்னீசியம் ஆறு மணி நேரத்துல பாதியாகுது, மாலிப்டினம் கிட்டத்தட்ட அசையாம கெடக்கு. அதனால காலையில பாஸான குப்பியே சாயங்காலம் ஃபெயில். நோயாளிக்கு வேண்டாத டோஸ் ஏறும், படமும் மங்கும்.

திங்கக்கிழமை முதல் கறவையை (முதல்ல எடுக்குற டெக்னீசியத்தை) லேபிள் பண்ண, அதாவது கிட்ல உள்ள மருந்தோட சேர்க்க, எடுக்காதீங்க. 99எம் சிதைஞ்சு வாரக்கடைசியில சேர்ந்த டெக்னீசியம்-99, மருந்தோட ஒட்ட வைக்கக் கிட்ல இருக்குற டின்னை (வெள்ளீயத்தை) தின்னுரும். ரெண்டு மணி நேரம் விட்டு மறுபடி எடுங்க.