காய்ச்சலும் பாய்ச்சலும்

நேயர்களுக்கு வணக்கம். குதிரைப் பந்தயத் திடலே இல்லாத குமரி மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு பந்தயத் திடலின் மண்ணைப் பற்றிப் பேசப் போகிறேன். கால்நடை மருத்துவனாகக் குதிரைகளின் கால்களைத் தடவிப் பார்த்தே என் காலம் போனது. பந்தயத்தில் ஒரு ரூபாய்கூடக் கட்டியதில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், வீட்டிலும் வானொலி ஓடிக்கொண்டிருக்கிறது.

சங்குத்துறைக் கடற்கரையில் நடந்திருப்பீர்கள். மேலே காய்ந்த மணலில் கால் புதைந்து கெண்டைக்கால் வலிக்கும். அலை நனைத்துவிட்டுப் போன இடமோ தரைபோல் இறுகிக் கிடக்கும். இன்னும் நாலடி இறங்கினால் காலடி மண்ணே கரைந்து நழுவும். மணல் ஒன்றுதான், தண்ணீரின் அளவுதான் வேறு. அங்கே நமக்குப் பதிலாக ஒரு குதிரையை வைத்துப் பாருங்கள். எடை 450, 500 கிலோ. வேகம் மணிக்கு 60 கிலோமீட்டர். பாய்ச்சலில் ஒரு கணம் ஒற்றை முன்னங்காலில்தான் நிற்கிறது. அப்போது அந்தக் காலில் இறங்கும் பாரம் உடல் எடையைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். முழங்காலுக்குக் கீழே சதைப்பற்று கிடையாது, எலும்பும் தசைநாணும்தான்.

நெல்லுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலும் வேண்டும் என்பார்கள். குதிரையின் பாய்ச்சலுக்கு அது ஆகாது. ஈரத் தரையிலும் குதிரை ஓடும், காய்ந்த தரையிலும் ஓடும். ஒரே சுற்றில் இரண்டும் மாறி மாறி வந்தால்தான் ஆபத்து.

நான் வேலை பார்த்த ஒரு திடலில், புல்தரையைப் பராமரிக்கும் பெரியவர் ஒருவர் இருந்தார். தரையின் இளக்கத்தை அளக்க பெனட்ரோமீட்டர் என்று ஒரு கருவி உண்டு. ஒரு கிலோ எடையை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து மூன்று முறை விழவிட்டு, கம்பி எத்தனை சென்டிமீட்டர் இறங்குகிறது என்று பார்ப்பார்கள். பல இடங்களில் பார்த்துச் சராசரி போடுவார்கள். பெரியவர் அந்த எண்ணைக் கேட்டுக்கொள்வார். கேட்டுவிட்டுத் தன் மூங்கில் தடியோடு நடக்கப் போய்விடுவார். இரவு முழுக்க மழை பெய்த ஒரு காலையில் என்னை வளைவுக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒரு தூங்குமூஞ்சி மரம். நிழலில் தடியை ஊன்றினார்; நான்கு விரல் இறங்கியது. இரண்டு எட்டு தள்ளி, வெயில் பட்ட இடத்தில் ஊன்றினார். ஒரு விரல்கூட இறங்கவில்லை. "சராசரியின் மேலா ஐயா குதிரை ஓடுகிறது?" என்றார்.

நான் போய்த் திடல் நிர்வாகிகளிடம் சொன்னேன். எண் சரியாகத்தானே இருக்கிறது என்றார்கள். மூன்றாவது பந்தயத்தில் அதே வளைவில் ஒரு பெண் குதிரை சறுக்கியது. விழவில்லை. ஆனால் லாயத்தில் நான் தொட்டபோது முன்னங்கால் தசைநாண் கொதித்துக்கொண்டிருந்தது. அதன் பிறகு அது ஓடவே இல்லை. மறுவாரம் உள்வேலியை மூன்று மீட்டர் வெளியே தள்ளிப் போட்டு, மரநிழலை ஓடுபாதைக்கு வெளியே விட்டார்கள். செலவு என்ன, நாலு ஆட்களின் அரை நாள் கூலி!

நம் மாவட்டத்தில் ஒரு திடல் இருந்திருந்தால் அந்தப் பெரியவருக்குத் தூக்கமே இருந்திருக்காது. ஜூனில் தென்மேற்கு மழை, அக்டோபரில் வடகிழக்கு, நடுவில் எல்லாவற்றையும் உலர்த்தும் ஆரல்வாய்மொழிக் காற்று.

பணக்காரத் திடல்களுக்கும் இதே பாடுதான். கலிபோர்னியாவின் சாண்டா அனிட்டாவில் 2018 டிசம்பர் கடைசியிலிருந்து 2019 ஜூன் வரை 30 குதிரைகள் இறந்தன. அந்தக் குளிர்காலத்தில் அங்கே மழை அதிகம். அங்கே முக்கியத் தடம் மண் தடம். மழைக்கு முன் ரோலர் போட்டு இறுக்கினால் தண்ணீர் வழிந்தோடும். மழை விட்டதும் கிளறித் தளர்த்த வேண்டும். இறுக்கு, கிளறு, மறுபடி இறுக்கு. மழை மட்டுமே காரணம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் எனக்கு அந்த மூங்கில் தடிதான் நினைவுக்கு வந்தது.

மெழுகு பூசிய மணலில் போடும் செயற்கைத் தடங்களைப் பற்றி விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன். மழையைத் தாங்கும், ஆனால் வெயிலில் மெழுகு இளகும். கண்ணாடிக்கு அப்பால் கை காட்டுகிறார்கள். ஒன்றே ஒன்று: ஓடிக் களைத்த குதிரைக்கு உடனே தண்ணீர் காட்டக் கூடாது என்பார்கள். தாராளமாகக் காட்டலாம். உடம்பிலும் ஊற்றலாம், வாளி வாளியாக. வணக்கம்.