தலையணையைத் திருப்பிப் போட்டவர்கள் கை தூக்குங்கள்

நடுவர் அவர்களே, கம்பளி போர்த்தாத குறையாக வாதாடிவிட்டு எதிரே அமர்ந்திருக்கும் குளிர் அணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

‘நகரவாசியைப் பாடாய்ப் படுத்துவது குளிரா, புழுக்கமா?’ இதுதான் இன்றைய வழக்கு. நான் புழுக்கத்தின் மீது குற்றம் சாட்ட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசியவர் நம்மையெல்லாம் சைபீரியாவின் யாகுட்ஸ்குக்கே கூட்டிப்போய் நிறுத்திவிட்டார். மூன்று லட்சம் பேருக்கு மேல் வாழும் நகரம், 1891-இல் மைனஸ் 64.4 டிகிரி வரை இறங்கிய இடம், விடுகிற மூச்சு இமைமுடியிலேயே உறையும் என்றார். நானும் கைதட்டினேன். ஆனால் போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார், கவனித்தீர்களா? அங்கே கட்டடங்களைத் தூண்களின் மேல் தூக்கி நிறுத்தியிருக்கிறார்களாம். ஏன்? வீட்டுக்குள் இருக்கும் சூடு கீழே இறங்கினால் உறைந்து கிடக்கும் மண் இளகிவிடும், கட்டடம் சாய்ந்துவிடும். ஐயா, மண்ணே இளகுகிற அளவுக்கு வீட்டுக்குள் கதகதப்பு இருக்கிறது! தன் சாட்சியை வைத்தே என் வழக்கை நடத்திக் கொடுத்ததற்கு நன்றி.

‘குளிருக்குப் போர்த்தலாம், புழுக்கத்துக்குத் தோலையா உரிப்பது’ என்கிற பழைய கேள்வியை நான் கேட்கப்போவதில்லை. நடுவர் அதற்கு எத்தனை மேடையில் சிரித்துச் சலித்தாரோ. நான் கேட்பது வேறு. போர்த்தினால் குளிர் ஏன் அடங்குகிறது? நம் உடம்பே ஓர் அடுப்பு. சும்மா உட்கார்ந்திருந்தாலும் ஏறக்குறைய 100 வாட் அளவுக்குச் சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கிறது. கம்பளி தன் பங்குக்கு ஒரு சூடும் தருவதில்லை, நம் சூட்டைத்தான் நமக்குப் பத்திரப்படுத்தித் தருகிறது. குளிரில் அந்த அடுப்பு நம் கூட்டாளி. புழுக்கத்தில் அதே அடுப்பு எதிரி. அணைக்கவும் முடியாது. அணைந்தால் என்ன ஆகும் என்பது... நல்ல நாளும் அதுவுமாக வேண்டாம், விடுங்கள்.

காற்று தோலைவிடச் சூடாகிவிட்டால் அந்த அடுப்பின் சூடு வெளியேற ஒரே வழி வியர்வை. வியர்ப்பதால் உடம்பு குளிர்வதில்லை, அந்த வியர்வை உலர்வதால்தான் குளிர்கிறது. ஒரு லிட்டர் வியர்வை தோலிலிருந்து ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தைத் தூக்கிக்கொண்டு போகும். அதே ஒரு லிட்டர் முதுகில் வழிந்து சொட்டினால்? சட்டை நனைந்ததுதான் மிச்சம். காற்றில் ஏற்கெனவே நீராவி நெருக்கியடித்து நிற்கும்போது நம் வியர்வைக்கு அங்கே இடம் ஏது?

நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பார்கள். வறண்ட வெயிலுக்கு அது சரி, மரத்தடியில் ஒதுங்கினால் உயிர் வரும். புழுக்கத்தில் நிழலுக்கும் அருமை கிடையாது. சூட்டையும் ஈரத்தையும் சேர்த்து அளக்க ஈரத்துணி சுற்றிய வெப்பமானி ஒன்று உண்டு, அது 35 டிகிரி காட்டினால், நிழலில் சும்மா படுத்திருக்கிற திடகாத்திரமான ஆள்கூட சில மணி நேரத்துக்கு மேல் தாங்கமாட்டார் என்று 2010-இல் விஞ்ஞானிகள் கணக்குப் போட்டார்கள். அதுவே தாராளக் கணக்கு. 2022-இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இளைஞர்களை அறைக்குள் வைத்து அளந்து பார்த்தபோது, அதே வெப்பமானி 31 டிகிரியை ஒட்டிக் காட்டும்போதே உடம்பின் பிடி நழுவிவிட்டது.

எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் ஒரு கிடுக்கிப்பிடி போட்டார். “லண்டன் குளிர்காலத்தில் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டும். அங்கே யார் வியர்த்துக் கொட்டுகிறார்கள்?” நல்ல கேள்வி. ஆனால் சதவீதம் ஏமாற்றும். பாத்திரம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்றுதான் அது சொல்லும், பாத்திரம் எத்தனை பெரியது என்று சொல்லாது. குளிர்ந்த காற்று கிண்ணம், சூடான காற்று அண்டா. கிண்ணம் நிறைந்தாலும் ஒரு வாய்த் தண்ணீர்தான். பார்க்க வேண்டியது பனிநிலையை. எத்தனை டிகிரிக்குக் குளிரவைத்தால் காற்றிலுள்ள ஈரம் துளியாகத் தொடங்குமோ, அதுதான் பனிநிலை. அது 24-ஐத் தாண்டினாலே கசகசப்பு தாங்காது. சவூதி அரேபியாவின் தஹ்ரான் நகரில் 2003 ஜூலை 8 அன்று அது 35-ஐத் தொட்டது. தோலின் சூடும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். குளிர்ந்த தண்ணீர்ப் பாட்டிலின் வெளிப்புறத்தில் முத்து முத்தாக நீர் பூக்குமே? அன்றைக்கு அந்த ஊரில் மனிதர்தான் பாட்டில்!

அடுத்து அவர்களுடைய பிரம்மாஸ்திரம். 13 நாடுகளில் 384 இடங்களை ஆராய்ந்து 2015-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வந்த கணக்கு. மொத்த மரணங்களில் குளிரின் பங்கு 7.29 சதவீதம், வெப்பத்தின் பங்கு வெறும் 0.42. மறுக்கமாட்டேன், உண்மை. ஆனால் எதிரணி அடுத்த வரியைப் படிக்காமல் தாளை மடித்துவிட்டது. கடுங்குளிர், கடும் வெப்பம் இரண்டையும் சேர்த்தாலே 0.86 சதவீதம்தான். மிச்சமெல்லாம் பெரும்பாலும் மிதமான குளிர், ‘இது ஒரு குளிரா’ என்று நாம் அலட்சியமாக விடுகிற குளிர். சூடு தங்காத சுவரும் இடுக்கு விட்ட ஜன்னலும் செய்த வேலை அது. ஜன்னலை அடைக்கலாம், சுவரைச் சரி பண்ணலாம். யாகுட்ஸ்க் செய்து காட்டியிருக்கிறது. காற்றிலிருந்து தண்ணீரைப் பிழிந்தெடுக்க எந்தச் சுவரால் முடியும்?

பிழிய ஓர் இயந்திரம் வேண்டியிருந்தது. அதன் கதையைக் கேளுங்கள். 1902-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகம். காற்றின் ஈரத்தைக் குடித்துக் காகிதம் உப்புகிறது, ஒரு வண்ணத்தின் மேல் அடுத்த வண்ணம் உட்கார மறுக்கிறது. வில்லிஸ் கேரியர் என்ற இளம் பொறியாளர் அதற்காக வடிவமைத்ததுதான் நவீன ஏசியின் தொடக்கம். மனிதனுக்காக அல்ல, காகிதத்துக்காக. சூட்டைவிட முதலில் ஈரத்துக்காக. காகிதமே பொறுக்கமாட்டேன் என்று சொன்னதை நாம் முதுகில் வாங்கிக்கொண்டு இருந்திருக்கிறோம்! சிங்கப்பூரின் முதல் பிரதமர் லீ குவான் யூ, பதவிக்கு வந்ததும் முதல் வேலையாக அரசு ஊழியர்களின் அலுவலகங்களில் ஏசி பொருத்தியதாகச் சொன்னார். புழுக்கத்தில் கோப்பு நகராது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

பகலை விடுங்கள், இரவுக்கு வாருங்கள். கரண்ட் போன இரவு. பாய், போர்வை எல்லாம் ஒரே பிசுபிசுப்பு. தலையணையைத் திருப்பிப் போடுகிறீர்கள். அந்தப் பக்கம் சில்லென்று இருக்கிறது, ஆஹா! பத்தே நிமிடம், அதுவும் சூடாகிவிடும். திரும்பவும் திருப்புகிறீர்கள். தலையணைக்கு இரண்டே பக்கம்தானே, நடுவர் அவர்களே? அப்படித் திருப்பியவர்கள் கை தூக்குங்கள் பார்ப்போம். எதிரணியிலேயே இரண்டு கை தெரிகிறது.

சிரிக்கிற விஷயமில்லை என்றும் சொல்லியாக வேண்டும். சிகாகோ பனிக்குப் பழகிய நகரம். 1995 ஜூலையில் ஈரமும் வெப்பமும் சேர்ந்து வந்தன, இரவிலும் தணியவில்லை. ஒரே வாரத்தில் வழக்கத்தைவிட 739 மரணங்கள் கூடுதல். பலர் தனியாக வாழ்ந்த முதியவர்கள்.

சரி, உனக்குப் பிடித்த ஊர் எது என்று நடுவர் தொடக்கத்திலேயே கேட்டார். கீட்டோ. ஈக்குவடாரின் தலைநகரம், பூமத்திய ரேகையின் பக்கத்திலேயே. ஆனால் 2,850 மீட்டர் உயரத்தில். பகலில் 20 டிகிரியை ஒட்டி, இரவில் 10. கொலம்பியாவின் மெடலின், சீனாவின் குன்மிங் என்று ‘எப்போதும் வசந்தம்’ பட்டம் வாங்கிய நகரங்களைப் பாருங்கள், இரண்டும் மேட்டில் ஏறி நிற்கின்றன. எதை விட்டு ஏறின? கீட்டோவில் இரவில் போர்வை வேண்டியிருக்கும் என்று எதிரணி பயமுறுத்தும். அந்தப் போர்வைக்காகத்தான் ஐயா நான் அங்கே போக ஆசைப்படுகிறேன்!

மணி அடித்துவிட்டீர்கள், முடித்துக்கொள்கிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். தீர்ப்பு எழுத உட்காருவதற்கு முன் இந்த அரங்கத்தின் ஏசியைப் பத்து நிமிடம் அணைக்கச் சொல்லுங்கள். மின்விசிறியையும்தான். கோட்டைக் கழற்றாமல் எழுதுங்கள்.